ஓரப் பார்வையின் எல்லையை வீட்டிலேயே அளப்பது எப்படி: காட்சி மாயைகளைக் கொண்டு ஒரு முழுமையான வழிகாட்டி

கையை நேராக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த விரலின் அகலம், ஏறக்குறைய 2 டிகிரி, அவ்வளவுதான் ஒரு நேரத்தில் நீங்கள் கூர்மையாகப் பார்க்கும் இடம். இரண்டு கண்ணும் சேர்ந்து பக்கவாட்டில் சுமார் 200 டிகிரி வரை பார்க்கின்றன. அதில் இந்த விரலகலம் போக மீதியெல்லாம் ஓரப் பார்வைதான்.

இதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். 'எனக்கு அறை முழுக்கத் தெளிவாகத்தானே தெரிகிறது?' என்பார்கள். தெரிவதுபோல் இருக்கிறது என்பதுதான் விஷயமே. கண் ஒரு நொடிக்கு மூன்று முறை வரை தாவித் தாவிப் பார்க்கிறது. எங்கே சந்தேகம் வருகிறதோ அங்கே உடனே விரலகலப் பார்வையைக் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அதனால் ஓரத்தில் என்ன விடுபட்டது என்று நமக்குத் தெரிய வழியே இல்லை. காட்சி மாயைகள் அங்கேதான் உதவுகின்றன. மூளை சத்தமில்லாமல் ஒட்டுப்போட்ட இடங்களை அவை வெளியே கொண்டுவந்து காட்டும், அதையும் நம் கையாலேயே அளக்கும்படி.

பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்ககப் பிள்ளைகளோடு விடுமுறை நாட்களில் நான் செய்கிற சோதனைகளின் தொகுப்பு இது. பெரியவர்களுக்கும் இதே சோதனைகள்தான். குறிப்பாக, தினமும் டூவீலர் ஓட்டுகிறவர்கள் நான்காம் படியைத் தவறாமல் செய்து பாருங்கள்.

தேவையானவை, ஒரு விதி

ஏ4 தாள்கள் பத்துப் பன்னிரண்டு, கறுப்பு மார்க்கர், பல நிற ஸ்கெட்ச் பேனாக்கள், அடிஸ்கேல், கோலப்பொடி அல்லது சாக்பீஸ், ஒரு நூல். எல்லாம் அவென்யூ ரோட்டின் ஸ்டேஷனரிச் சந்தையில் மட்டுமல்ல, தெருமுனை ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். கூடவே உதவிக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

நூலைச் சரியாக 57 செ.மீ. நீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் உள்ள அளவெல்லாம் அந்த நூலை வைத்துத்தான். கண்ணிலிருந்து 57 செ.மீ. தூரத்தில் இருக்கும் தாளில் 1 செ.மீ. என்பது கிட்டத்தட்ட 1 டிகிரி. கணக்கே போட வேண்டாம், ஸ்கேலில் படிக்கிற எண்தான் டிகிரி. மூக்கின் மேட்டிலிருந்து தாள் வரை நூலைப் பிடித்து ஒவ்வொரு முறையும் தூரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விதி என்னவென்றால், பார்க்கச் சொன்ன புள்ளியை விட்டுக் கண் நகரக் கூடாது. கேட்க எளிது, செய்வது கடினம். ஓரத்தில் ஏதாவது ஆடினால் கண் தானாக ஓடும். அதனால் உதவிக்கு இருப்பவர் சோதனைப் பொருளைப் பார்க்காமல் உங்கள் கண்மணியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கண் நகர்ந்தால் அந்த முறை செல்லாது, மறுபடி முதலிலிருந்து. தனியாகச் செய்தால் போனின் முன்பக்கக் கேமராவில் உங்கள் முகத்தைப் பதிவு செய்து பிறகு பாருங்கள்.

படி 1: விரலகலத்தை உறுதிசெய்யுங்கள்

தமிழ்ச் செய்தித்தாள் ஒன்றை 57 செ.மீ. தூரத்தில் விரித்து, ஒரு பத்தியின் நடுவில் உள்ள ஒரு எழுத்தின் மேல் பேனாவால் சிறு புள்ளி வையுங்கள். அதையே பார்த்துக்கொண்டு, இடப்பக்கமும் வலப்பக்கமும் எத்தனை சொற்களைப் படிக்க முடிகிறது என்று பாருங்கள். அந்தச் சொல் தெரியும். பக்கத்துச் சொல் பாதி புரியும். அதற்கப்பால் எழுத்து இருக்கிறது என்று தெரியும், என்ன எழுத்து என்று தெரியாது.

காரணம் விழித்திரையின் அமைப்பு. அதன் நடுவில் ஃபோவியா என்ற சிறு பள்ளம், சுமார் 1.5 மி.மீ. குறுக்களவில், இருக்கிறது. பள்ளத்தின் மையத்தில் நுணுக்கமும் நிறமும் அறியும் கூம்பு செல்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன, மங்கிய ஒளிக்கான குச்சி செல்கள் அங்கே அறவே இல்லை. ஒரு கண்ணில் கூம்பு செல்கள் 50, 60 லட்சம், குச்சி செல்கள் 10 கோடி அளவில். ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இழைகள் சுமார் 10 லட்சம்தான். எல்லாவற்றையும் அனுப்ப இடமில்லை. ஃபோவியாவின் மையச் செல்களுக்குத் தனி இழை கிடைக்கிறது, ஓரத்தில் நூற்றுக்கணக்கான செல்கள் சேர்ந்து ஒரே இழையில் போகின்றன. மூளையின் பார்வைப் பகுதியிலும் இதே பாரபட்சம்தான், நடுப்பகுதிக்கு ஒதுக்கிய இடம் மிகப் பெரிது.

படி 2: தரையில் அரைவட்டம்

ஹாலில் சாமான்களை ஒதுக்கிவிட்டு, நூலின் ஒரு முனையைத் தரையில் அழுத்திப் பிடித்து, மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி அரைவட்டம் போடுங்கள். கோலப்பொடியில் போட்டாலும் சரி. வட்டக்கோட்டின் மேல் நூலை வளைத்து 10 செ.மீ.க்கு ஒரு குறி வையுங்கள். 57 செ.மீ. ஆரத்தில் வளைவின் 1 செ.மீ.யும் 1 டிகிரிதான். நேர் எதிரே 0, இருபக்கமும் 90 வரை எழுதிவிடுங்கள்.

நீங்கள் வட்டத்தின் நடுவில் தலை வரும்படி சம்மணமிட்டு உட்காருங்கள். 0 குறியின் நேரே, கண் உயரத்தில், சுவரில் ஒரு பொட்டு ஒட்டி அதைப் பாருங்கள். உதவியாளர் உங்களுக்குத் தெரியாமல் ஒரு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, கண் உயரத்தில் பிடித்து, 90 குறியிலிருந்து மெதுவாக முன்னே கொண்டுவர வேண்டும். லேசாக ஆட்டியபடி. நீங்கள் மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும்: ஏதோ வருகிறது என்று எப்போது தெரிந்தது, என்ன நிறம் என்று எப்போது தெரிந்தது, பேனாவின் உடலில் ஒட்டிய ஒற்றை எழுத்து எப்போது படிக்க முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் குறியை எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், ஐந்தாம் வகுப்பு, இதில் உட்கார்ந்தபோது கத்தினாள்: "ஆன்ட்டி, பேனா இருக்குது, ஆனா என்ன கலருன்னே தெரியல! இருங்க, பச்சை... இல்ல இல்ல, ஆரஞ்சு!" எல்லோருக்கும் இந்த வரிசைதான். ஆட்டம் முதலில் தெரியும், நிறம் ரொம்பத் தள்ளித்தான் உறுதியாகும், எழுத்துக்குப் பேனா கிட்டத்தட்ட 0 குறிக்கே வந்துவிட வேண்டும். எழுத்து சிறிதானால் இன்னும் உள்ளே.

இதிலிருந்து ஓரப் பார்வைக்கு நிறமே தெரியாது என்று முடிவுகட்டிவிடாதீர்கள், பல இடங்களில் அப்படித் தவறாக எழுதுகிறார்கள். பேனாவுக்குப் பதில் அதே நிறத்தில் பெரிய சார்ட் துண்டைக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள், வெகு தூரத்திலேயே நிறம் தெரியும். சிறிய பொருளுக்குத்தான் நிறம் போகிறது. அதிலும் சிவப்பு, பச்சை வேறுபாடு நீலம், மஞ்சள் வேறுபாட்டைவிடச் சீக்கிரம் மங்குகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், மெய்நிகர் கண்ணாடி அணிந்தவர்கள் பார்த்த காட்சியின் ஓரங்களில் நிறத்தை எடுத்துவிட்டு, அவர்கள் பார்க்கும் இடத்தைச் சுற்றி மட்டும் நிறத்தை வைத்தார்கள். பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

படி 3: குருட்டுப் புள்ளி

தாளை அகலவாட்டில் வைத்து இடது ஓரத்தில் ஒரு கூட்டல் குறி. அதிலிருந்து 15.5 செ.மீ. வலப்பக்கம் தள்ளி, ஒரு செ.மீ. கீழே இறக்கி, 2 செ.மீ. குறுக்களவுள்ள கறுப்பு வட்டம். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கூட்டல் குறியைப் பாருங்கள், நூல் தூரத்தில். வட்டம் காணாமல் போகும். போகவில்லையென்றால் தாளை ஒரு விரற்கடை முன்பின் நகர்த்துங்கள்.

பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது. அங்கே ஒளியை உணரும் செல்களே கிடையாது. பிரான்சின் எட்மே மரியோட் 1660களில் கண்டுபிடித்தார். அந்த ஓட்டை சுமார் 5, 6 டிகிரி அகலம். நீட்டிய கையின் கட்டைவிரல்கள் இரண்டு, மூன்றைப் பக்கம் பக்கமாக வைக்கலாம்!

இப்போது அதே வட்டத்தின் வழியாக, தாளின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்புவரை ஒரு தடித்த நேர்க்கோடு போடுங்கள். மறுபடி பாருங்கள். வட்டம் மறையும், ஆனால் கோடு முறியாது. இல்லாத இடத்தில் மூளை கோட்டை இழுத்துவிட்டது. ஓட்டை கறுப்பாகத் தெரிவதில்லை, சுற்றி என்ன இருக்கிறதோ அதாகவே தெரிகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

படி 4: எழுத்து நெரிசல்

என்னைக் கேட்டால் இதுதான் மிக முக்கியமான சோதனை. மற்றவை வேடிக்கை காட்டும். இது நீங்கள் தினமும் சாலையில் எதை இழக்கிறீர்கள் என்று காட்டும்.

ஓரத்தில் எல்லாம் கலங்கலாகத் தெரிகிறது, அதனால்தான் படிக்க முடியவில்லை என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. மூன்று தாள்கள் எடுத்து ஒவ்வொன்றின் இடது ஓரத்திலும் கூட்டல் குறி போடுங்கள். எழுத்துகள் எல்லாம் 2 செ.மீ. உயரம், தடித்த மார்க்கரில்.

முதல் தாள்: குறியிலிருந்து 10 செ.மீ. தள்ளி 'ந' மட்டும். இரண்டாம் தாள்: அதே 10 செ.மீ.யில் 'ந', அதன் இருபுறமும் 'த', 'க', எழுத்து மையத்துக்கு மையம் 2.5 செ.மீ. மூன்றாம் தாள்: அதே மூன்று எழுத்துகள், ஆனால் இடைவெளி 6 செ.மீ.

இரண்டு கண்ணையும் திறந்து, குறியையே பாருங்கள். முதல் தாளில் 'ந' தெரியும். இரண்டாம் தாளில் மூன்று எழுத்து இருப்பது தெரியும், நடுவில் என்ன என்று கேட்டால் திணறுவீர்கள். அளவு மாறவில்லை, தூரம் மாறவில்லை, மையின் கறுப்பும் மாறவில்லை. பக்கத்தில் ஆள் வந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றாம் தாளில் 'ந' திரும்பி வரும். விடை முன்பே தெரிந்திருந்தால் சோதனை பயனற்றது, எனவே க, த, ந, ச நான்கையும் மாற்றி மாற்றிப் பல தாள்கள் தயாரித்து, உதவியாளரைக் கலைத்துக் காட்டச் சொல்லுங்கள். 'ழ'வையும் 'மு'வையும் வைத்துப் பார்த்தால் இன்னும் திணறல். 'கத்த' என்று நெருக்கி எழுதிக் காட்டி, புள்ளி எந்த எழுத்தின் தலையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். புள்ளி இருப்பது தெரிந்தும் யாருடைய புள்ளி என்று சொல்ல வராது.

நெதர்லாந்தின் ஹெர்மன் பௌமா 1970இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். ஒரு பொருள் பார்வை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அதில் ஏறக்குறைய பாதி தூரத்துக்குள் வேறு பொருள் வந்தால் அடையாளம் குழம்பும். 10 டிகிரியில் என்றால் 5 டிகிரிக்குள். உங்கள் இரண்டாம் தாளில் 2.5, மூன்றாம் தாளில் 6. கணக்கு அப்படியே ஒத்துப்போகிறது. ஓரத்தில் மூளை பொருள்களைத் தனித்தனியாக எடுப்பதில்லை, ஒரு பரப்பில் உள்ளவற்றைச் சேர்த்துச் சாராம்சமாக எடுக்கிறது.

இதை வெளியேயும் செய்யலாம். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டில் நடைபாதையில் ஓரமாக நின்று, எதிர்க்கடையின் ஒரு போர்டில் ஒரே எழுத்தைப் பார்த்துக்கொண்டு, பக்கத்துப் போர்டுகளைப் படிக்க முயலுங்கள். ஒன்றும் வராது. பிறகு அல்சூர் ஏரிக்கரைக்குப் போய், திறந்த வானத்தின் பின்னணியில் தனியாக நிற்கும் ஒரு மரத்தை ஓரக்கண்ணில் வையுங்கள், மரம் மரமாகவே தெரியும்.

இப்போது டூவீலர் கதைக்கு வருவோம். டிரினிட்டி சர்க்கிளில் சிக்னல் விழுகிறது. முன்னால் பஸ்ஸின் பின்விளக்கைப் பார்த்தபடி கிளம்புகிறீர்கள். இடப்பக்கம் ஆட்டோ, அதை ஒட்டி இரண்டு பைக், நடுவில் சாலையைக் கடக்க நிற்கும் ஒரு அம்மா. ஓரத்தில் 'ஏதோ வண்டிகள்' என்று தெரியும். அதற்குள் ஒரு ஆள் நிற்பது தெரியாது. அந்த அம்மா அசைந்தால் தெரிய வாய்ப்பு உண்டு, அசையாமல் நின்றால் அதுவும் குறைவு. கடைக்கண்ணால் பார்த்துவிட்டேன், யாரும் இல்லை என்ற உறுதி நெரிசலான இடத்தில் செல்லாது. தலையைத் திருப்பி, விரலகலப் பார்வையை அந்தக் கும்பலின் மேல் ஒரு கணம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

படி 5: கட்டங்கள்

வெள்ளைத் தாளில் 2.5 செ.மீ. கறுப்புச் சதுரங்களை 6 மி.மீ. இடைவெளி விட்டு வரிசை வரிசையாக நிரப்புங்கள். வெள்ளைப் பாதைகள் சந்திக்கும் இடங்களில் சாம்பல் புள்ளிகள் முளைக்கும். நேராகப் பார்க்கிற சந்திப்பில் மட்டும் இருக்காது. ஜெர்மனியின் லுடிமர் ஹெர்மன் 1870இல் எழுதிய மாயை இது. அருகருகே உள்ள நரம்புச் செல்கள் ஒன்றையொன்று அடக்குவதால் வருகிறது என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த விளக்கம் போதாது என்று நீங்களே காட்டலாம். சதுரங்களின் ஓரங்களைச் சற்றே அலைபோல வளைத்து இன்னொரு தாள் வரையுங்கள். புள்ளிகள் போய்விடும்! ஹங்கேரியின் யானோஷ் கையர் காட்டியது இது. ஒளியின் அளவு மட்டும் காரணமென்றால் இவ்வளவு சின்ன வளைவுக்குப் புள்ளிகள் மறைந்திருக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரானது ஜாக் நினியோ, கென்ட் ஸ்டீவன்ஸ் இருவரும் 2000இல் வெளியிட்ட மாயை. சாம்பல் கோடுகள் சந்திக்கும் இடங்களில் 12 கறுப்புப் புள்ளிகள் உண்மையாகவே இருக்கின்றன, ஆனால் பன்னிரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்க முடியாது. 2016இல் ஜப்பானிய உளவியலாளர் அகியோஷி கிட்டாவோகா அதை ஃபேஸ்புக்கில் போட்ட பிறகு உலகம் முழுக்கப் பரவியது. தேடி எடுத்து அச்சடித்துக்கொள்ளுங்கள். படி 2, 4இல் கிடைத்த பாடம்தான்: ஓரத்தில் சிறு புள்ளியைப் பிடித்து வைக்க மூளைக்கு வசதியில்லை, அதனால் சுற்றியுள்ள சாம்பலையே நிரப்பிவிடுகிறது.

படி 6: கரைந்துபோகும் கறை

பென்சில் தூளைப் பஞ்சில் தொட்டு, தாளின் ஓரங்களில் விளிம்பே தெரியாதபடி மங்கலான கறைகள் தேய்த்துவிடுங்கள். நடுவில் கூர்மையான ஒரு புள்ளி. கண் சிமிட்டாமல் அதையே இருபது, முப்பது நொடி பாருங்கள். கறைகள் ஒவ்வொன்றாகக் கரைந்து தாள் வெறுமையாகும். கண்ணை அசைத்தால் எல்லாம் திரும்பிவிடும். சுவிட்சர்லாந்து மருத்துவர் டிராக்ஸ்லர் 1804இல் பதிவு செய்தது. மாற்றமே இல்லாத காட்சிக்கு நரம்புச் செல்கள் பதில் சொல்வதை நிறுத்திவிடும். நடுவில் கண்ணின் நுண்ணிய அதிர்வே காட்சியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, ஓரத்தில் ஒவ்வொரு செல்லும் பெரிய பரப்பைப் பார்ப்பதால் அந்தச் சிறு அதிர்வு போதுவதில்லை.

படி 7: சுழலும் பாம்புகள், கோணும் முகங்கள்

அதே கிட்டாவோகா 2003இல் உருவாக்கிய சுழலும் பாம்புகள் படத்தைத் திரையில் பார்க்காமல் வண்ண அச்சில் பாருங்கள். தாளில் எதுவும் அசைய முடியாது என்று கைக்கே தெரியும், ஆனாலும் சுழலும். பார்க்கிற வட்டம் நிற்கும், மற்றவை ஓடும். சிலருக்குச் சுழலவே சுழலாது, அது குறையல்ல.

முகங்களுக்கு ஒரு வீடியோ எடிட்டிங் ஆப் போதும். நேராகப் பார்க்கும் பல முகப் படங்களைக் கண்கள் ஒரே உயரத்தில் வரும்படி வெட்டி, நடுவில் கூட்டல் குறி, இருபக்கமும் ஒவ்வொரு முகம், நொடிக்கு நாலு, ஐந்து வீதம் மாற்றுங்கள். குறியைப் பார்த்தால் முகங்கள் பூதங்கள்போல் கோணிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், மின்னும் ஒளியில் ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும் இதை விட்டுவிடுங்கள்.

படி 8: கார்த்திகையை ஓரக்கண்ணால் எண்ணுங்கள்

இதுவரை ஓரப் பார்வையின் போதாமையையே பார்த்தோம், அதற்கென்று ஒரு வல்லமையும் உண்டு. குச்சி செல்கள் மையத்திலிருந்து சுமார் 18, 20 டிகிரி தள்ளி உள்ள பகுதியில்தான் மிக நெருக்கம். மங்கலான ஒளியில் நடுப்பார்வை தோற்கும் இடத்தில் ஓரம் ஜெயிக்கும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் முன்னிரவில் மொட்டை மாடிக்குப் போங்கள். தெருவிளக்கு நேராகப் படாத மூலையில், போனைத் தொடாமல், இருபது முப்பது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். பிறகு கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத் தேடிப் பிடித்து, முதலில் நேராகப் பார்த்து எண்ணுங்கள். அப்புறம் அதற்குச் சற்றுப் பக்கத்தில் பார்வையை வைத்து எண்ணுங்கள். நம் ஊர் வெளிச்சத்தில் கூட ஒன்றிரண்டு கூடுதலாகத் தெரியும். வானியல் ஆர்வலர்கள் தொலைநோக்கியிலும் இப்படித்தான் மங்கிய பொருள்களைப் பார்க்கிறார்கள்.

கண் மருத்துவரிடம் போவது பற்றி

இந்தச் சோதனைகள் கண் பரிசோதனை ஆகாது. ஆனால் மூன்றாம் படியில் பார்த்த ஒட்டுவேலைக்கு ஒரு ஆபத்தான பக்கம் இருக்கிறது. பார்வை நரம்பைச் சிதைக்கும் க்ளாக்கோமா நோய் பெரும்பாலும் ஓரப் பார்வையையே முதலில் தின்னும், வலியும் இருக்காது. இழந்த இடம் கறுப்பாகத் தெரியாது, மூளை நிரப்பிவிடும். இழந்தது திரும்பவும் வராது, மிச்சத்தைத்தான் காப்பாற்ற முடியும். அதனால் 40 வயது தாண்டியவர்கள், அதிலும் அம்மா அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால், 'நன்றாகத்தானே தெரிகிறது' என்று தள்ளிப்போடாதீர்கள். கண் அழுத்தம், நரம்பு, தேவைப்பட்டால் ஃபீல்ட் டெஸ்ட் மூன்றையும் மருத்துவரிடம் கேளுங்கள். சாமராஜ்பேட்டை பக்கமுள்ள மிண்டோ அரசு கண் மருத்துவமனை போன்ற இடங்களில் செலவும் குறைவு.

ஃபீல்ட் டெஸ்டில் ஒரு கிண்ணத்துக்குள் நடுவிளக்கைப் பார்த்தபடி, ஓரத்தில் மின்னும் சிறு ஒளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். பல கருவிகள் நடுநடுவே உங்கள் குருட்டுப் புள்ளியிலும் ஒளியைப் போடும். அப்போது நீங்கள் அழுத்தினால் கண் நகர்ந்துவிட்டது என்று கணக்கு. அப்படி அடிக்கடி நடந்தால் முடிவை நம்ப முடியாது, திரும்பச் செய்ய வேண்டிவரும். வீட்டில் கூட்டல் குறியை விட்டு நகராமல் பார்க்கப் பழகியவர்களுக்கு அங்கே சிரமம் இருக்காது.